வாதி ஒன்று, வாதி இரண்டு

விவாகரத்து ஆன பிறகு என் முன்னாள் கணவருக்கு நான் அனுப்பிய முதல் செய்தி இதுதான்: "பேங்க் மேல கேஸ் போடணும்னா ரெண்டு பேர் கையெழுத்தும் வேணுமாம். வர முடியுமா?"

படித்துவிட்டார் என்பதற்கு அடையாளமாக நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை. மறுநாள் மத்தியானம் நான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒருவருக்குக் கண் பரிசோதித்துக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. "எங்க?" என்று ஒரே சொல்.

கிள்ளானில், ஜெஞ்சாரோம் போகிற சாலையை ஒட்டி எங்களுக்கு ஒரு டெரஸ் வீடு இருந்தது. இரண்டு பேர் பெயரிலும் வாங்கியது, இரண்டு பேர் பெயரிலும் கடன். குடியேறிய கொஞ்ச காலத்திலேயே எங்களுக்குள் எல்லாம் கெட்டுப்போனது. ஆளுக்கொரு அறையில் இருந்துகொண்டு, வீட்டை விற்றுவிட்டுப் பிரிந்துவிடலாம் என்று முடிவு செய்தோம்.

கடனை முதல் மூன்று ஆண்டுகளுக்குள் முழுதாக அடைத்தால் வங்கி அபராதம் வாங்கும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. ஆனால் எந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு? வீடு கட்டக் கட்ட வங்கி கட்டுமான நிறுவனத்துக்குத் தவணை தவணையாகப் பணம் கொடுத்திருந்தது. முதல் தவணையிலிருந்து எண்ணினால் மூன்று ஆண்டு தாண்டிவிட்டது. கடைசித் தவணையிலிருந்து எண்ணினால் இன்னும் சில மாதம் பாக்கி. "கடன் வழங்கப்பட்ட நாள்" என்று மட்டும் போட்டிருந்தார்கள். வங்கிக்குப் போன் செய்து கேட்டுவிட்டதாகவும், காலம் முடிந்துவிட்டது, அபராதம் கிடையாது என்று சொன்னதாகவும் அவர் சொன்னார். அதை வைத்துத்தான் விற்கிற தேதியைக் குறித்தோம்.

வீடு விற்ற பணம் வந்தபோது அபராதத்தைக் கழித்துக்கொண்டுதான் வந்தது. என் இரண்டு மாதச் சம்பளத்தைவிடக் கொஞ்சம் குறைவு.

"கேட்டேன்னு சொன்னீங்களே?" என்றேன்.

"கேட்டேன் லா. அந்தப் பொம்பள இல்லன்னு சொன்னிச்சு."

"எந்தப் பொம்பள? பேரு என்ன?"

"பேரெல்லாம் யாரு கேப்பா?"

நான் நம்பவில்லை. காரணம் இல்லாமல் இல்லை. தண்ணீர் பில் கட்டிவிட்டேன் என்பார்; மறுவாரம் குழாயில் காற்று வரும். காருக்கு இன்சூரன்ஸ் புதுப்பித்தாகிவிட்டது என்பார்; போலீஸ் நிறுத்திக் கேட்கும்போதுதான் இல்லையென்று தெரியும். கேட்டால் "செய்யணும்னுதான் இருந்தேன்" என்பார். அவருக்குச் செய்ய நினைப்பதும் செய்து முடிப்பதும் ஒன்றுதான் என்பதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல வருடம் பிடித்தது. பொறுத்துக்கொள்ள முடியவே இல்லை.

ஆனாலும் வங்கிக்குப் புகார் எழுதினேன். அப்படியொரு அழைப்புக்கான ஆதாரம் எதுவும் இல்லை, வசூலித்தது முறையானதே என்று பதில் வந்தது. வங்கித் தகராறுகளைப் பார்க்கிற பொது அமைப்புக்கு எழுதினேன். பல மாதம் இழுத்து, வாய்மொழிப் பேச்சை எங்களால் தீர்மானிக்க முடியாது, வேண்டுமானால் நீதிமன்றத்தை அணுகலாம் என்றார்கள். இதற்கிடையில் விவாகரத்து முடிந்து, நான் பிரிக்ஃபீல்ட்ஸில் கடைக்குப் பக்கத்திலேயே ஓர் அறை பார்த்துக்கொண்டு வந்துவிட்டேன். விட்டிருக்கலாம். ஆனால் அந்தக் கடிதங்களின் மரியாதையான குரல் என்னைத் தூங்க விடவில்லை. ஒவ்வொன்றும் "உங்கள் புரிதலுக்கு நன்றி" என்றே முடிந்தது. எனக்கு ஒன்றும் புரிந்திருக்கவில்லை.

சிறு தொகை வழக்குக்கு வக்கீல் வேண்டாம், நாமே போடலாம் என்று தெரிந்துகொண்டேன். ஒரே சிக்கல், கடன் இரண்டு பேர் பெயரில்.

கிள்ளான் நீதிமன்றப் பதிவறையில் சந்தித்தோம். நான் கொம்யூட்டர் ரயிலில் போனேன். அவர் ஷா ஆலமில் ஒரு லோரி கம்பெனியில் வேலை செய்கிறார், அங்கிருந்து காரில் வந்தார். மெலிந்திருந்தார். எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. அவரை நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "என்னங்க" என்று இனிமேல் சொல்ல முடியாது. கடைசியில் தாள்களை நீட்டி, "இங்க சைன் பண்ணணும்" என்றேன்.

முகப்பிலிருந்த மலாய்ப் பெண் எங்கள் இரண்டு பேர் அடையாள அட்டையையும் பார்த்துவிட்டு, கணவன் மனைவியா என்று கேட்டார்.

"டூலு" என்றேன். மலாயில், முன்பு என்று.

அவர் படிவத்தைத் திருப்பினார். வாதி ஒன்று யார், வாதி இரண்டு யார் என்று மட்டும் கேட்டார்.

"அவங்களே ஒண்ணு" என்றார் என் முன்னாள் கணவர்.

விசாரணை நாளன்று நீதிமன்ற நடைபாதையில் ஒரே நெரிசல். அங்கே வங்கியின் வழக்கறிஞர் எங்களைத் தேடிவந்தார். இளைஞர், சீனர், மிகவும் பணிவாகப் பேசினார். கூட வங்கியின் பெண் அதிகாரி ஒருவர் தடித்த கோப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமல், நல்லெண்ண அடிப்படையில் பாதித் தொகையைத் திருப்பித் தருகிறோம், வழக்கைத் திரும்பப் பெறுங்கள், இதைப்பற்றி வெளியே பேசக்கூடாது என்று ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள் என்றார். யோசிக்கக் கொஞ்சம் நேரம் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

"எடுத்துக்குவோம் லா" என்றார் என் முன்னாள் கணவர் உடனே. "இதுக்கு மேல எனக்கு லீவு கிடைக்காது."

"பாதி குடுத்தா, பாதிதான் தப்பு பண்ணாங்களா?"

"உனக்கு எப்பவுமே இதான். ஒரு சண்டைய முடிக்கத் தெரியாது."

"உங்களுக்கு ஒரு வேலைய முடிக்கத் தெரியாது."

எதிர் பெஞ்சில் இருந்த ஓர் ஆன்டி எங்களைத் திரும்பிப் பார்த்தார். நாங்கள் குரலைத் தாழ்த்தினோம். அந்த வீட்டில் எத்தனையோ தடவை, பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் இதே தாழ்ந்த குரலில் சண்டை போட்டிருக்கிறோம். உடம்பு எதையும் மறக்கவில்லை.

அவர் தரையைப் பார்த்தபடியே சொன்னார். "எனக்குக் கல்யாணம் பேசியிருக்காங்க. அடுத்த மாசம். அதுக்குள்ள பழசு எல்லாம் முடிஞ்சா நல்லாருக்கும்."

வாழ்த்து சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வாய் வரவில்லை. நான் பழசில் ஒன்று என்பது மட்டும் காதில் நின்றது. "முழுசா வாங்கினாலும் முடிஞ்சிரும்" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "சரி. அப்ப ஒண்ணு செய். நான் போன் பண்ணினப்ப நீயும் கேட்டேன்னு சொல்லிரு. நீ வீட்டுலதான இருந்த?"

"அடுப்படியில இருந்தேன். எனக்கு ஒண்ணும் கேக்கல."

"கேட்டுச்சுன்னு சொன்னா என்ன? நான் பேசினது உண்மைதான?"

"உண்மையா இல்லையான்னு எனக்குத் தெரியாது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அவர் முகத்தில் கோபம்கூட வரவில்லை. "தெரியாதா?" என்றார் மெதுவாக. "தெரியாமலா என்னைக் கூட்டியாந்து இங்க உக்கார வச்சிருக்க?"

பதில் சொல்லுமுன் எங்கள் வழக்கின் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

மாஜிஸ்திரேட் இளம்பெண். தலையில் கறுப்பு தூடோங் முக்காடு, குரலில் கண்டிப்பு. சமரசம் உண்டா என்று முதலில் கேட்டார். பாதித் தொகை பற்றி வழக்கறிஞர் சொன்னார். மாஜிஸ்திரேட் எங்களைப் பார்த்தார். நான் இல்லையென்று தலையாட்டினேன். என் முன்னாள் கணவர் என்ன செய்யப்போகிறாரோ என்று பார்த்தேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். அவர் கைகளைக் கட்டிக்கொண்டு, "இல்லை, புவான்" என்றார், அம்மா என்பதற்கான மலாய் மரியாதைச் சொல்லோடு.

பேசியது யார் என்று கேட்டார்கள். அவர் எழுந்து, நடந்ததைச் சொன்னார். எந்த நாள் என்று நினைவில்லை, ஆனால் வீட்டை வாங்க வந்தவர்களுக்கு உறுதி கொடுப்பதற்கு முந்தின வாரம். சனிக்கிழமை காலை. ஒரு பெண் பேசினார். பெயர் கேட்கவில்லை. எப்போதும் நன்றாக மலாய் பேசுபவர், அன்றைக்கு மாஜிஸ்திரேட் முன்னால் தடுமாறினார்.

வழக்கறிஞர் என் பக்கம் திரும்பினார். "புவான், அந்த உரையாடலை நீங்கள் கேட்டீர்களா?"

என் முன்னாள் கணவர் என் பக்கம் பார்க்காமல் நேராக நின்றார். கேட்டேன் என்று சொல்வது எவ்வளவு சுலபம் என்பது அந்த நொடியில் நன்றாகவே தெரிந்தது.

"கேட்கவில்லை" என்றேன்.

வழக்கறிஞர் தலையசைத்துவிட்டு அதிகாரியின் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்தார். என் முதல் புகார்க் கடிதம். அதை எழுதி வெகுநாள் ஆகிவிட்டிருந்தது. அதில் என்ன இருக்கிறது என்பதே எனக்கு மறந்திருந்தது. அவர் நடுவில் ஒரு பத்தியைச் சத்தமாகப் படித்தார். 'என் கணவர் உண்மையிலேயே அப்படி அழைத்தாரா என்பது எனக்குத் தெரிய வேண்டும். அவர் சொல்வதை மட்டும் வைத்து என்னால் நம்ப முடியவில்லை. ஆகவே அந்த அழைப்பின் ஒலிப்பதிவைத் தேடித் தரவும்.'

"இரண்டாவது வாதியின் சொல்லை முதல் வாதியே நம்பவில்லை" என்றார் வழக்கறிஞர். "வங்கி எப்படி நம்பும்?"

பக்கத்தில் என் முன்னாள் கணவர் மூச்சுவிடுவது கேட்டது. திரும்பிப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை.

மாஜிஸ்திரேட் அந்தத் தாளைக் கேட்டு வாங்கினார். தானே ஒரு முறை படித்தார். பிறகு தேதியைப் பார்த்தார்.

"இது வங்கிக்கு எப்போது கிடைத்தது?"

வழக்கறிஞர் அதிகாரியைப் பார்த்தார். வீடு விற்ற மறுமாதமே, என்றார் அதிகாரி.

"உங்கள் வங்கியில் வாடிக்கையாளர் அழைப்புகள் பதிவாகின்றனவா?"

"ஆம், புவான்."

"அப்படியானால் இந்தக் கடிதம் வந்தபோது அந்தப் பதிவு உங்களிடம் இருந்திருக்க வேண்டும். முதல் வாதி பணத்தைக் கேட்பதற்கு முன்னால் பதிவைத்தான் கேட்டிருக்கிறார். யாராவது தேடினீர்களா?"

அதிகாரி கோப்பைப் புரட்டினார். முன்னும் பின்னும் புரட்டினார். வழக்கறிஞர் அவர் காதில் ஏதோ கேட்டார்.

"தேடிவிட்டு இல்லையென்று சொன்னீர்களா, தேடாமலே சொன்னீர்களா?" என்று மாஜிஸ்திரேட் மறுபடியும் கேட்டார். பிறகு வழக்கைத் தள்ளிவைத்தார். அடுத்த தடவை வரும்போது பதிவோடு வர வேண்டும். இல்லையென்றால் ஏன் இல்லை என்று சொல்லக்கூடிய ஆள் வர வேண்டும் என்றார்.

வெளியே மழை பிடித்திருந்தது. ரயில் நிலையத்தில் விடுகிறேன் என்று அவர்தான் சொன்னார். மறுக்கலாம் என்றால் குடை இல்லை. காரில் புது வாசனைத் திரவியம். கண்ணாடியில் வைப்பர் போய் வரும் சத்தம் மட்டும். பாலம் தாண்டியதும் பேசினார்.

"அந்த லெட்டர்ல எழுதினத என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா நீங்க கேஸுக்கே வந்திருக்க மாட்டீங்க."

வைப்பரின் வேகத்தைக் கூட்டினார். "ஆமா, வந்திருக்க மாட்டேன்."

நிலையத்தின் முன் நிறுத்தினார். நான் இறங்கும்போது, "பதிவு இல்லன்னு சொல்லிட்டா?" என்று கேட்டார். நான் இந்த மனிதரை நம்பாததுபோல், இந்த மனிதர் வங்கியை நம்பவில்லை என்று தோன்றியது. அவருக்கு அந்தப் பதிவு என்னைவிட அதிகமாகத் தேவைப்பட்டது என்பது அப்போதுதான் புரிந்தது.

அந்த இடைவெளி நாட்கள் எனக்கு மோசமாகக் கழிந்தன. கடையில் ஒருவருக்கு இடது கண்ணின் அளவை வலது கண்ணுக்கு எழுதிக் கொடுத்து, முதலாளி அங்கிளிடம் திட்டு வாங்கினேன். பதிவு கிடைத்து, அதில் அவர் குரல் இல்லாமல் போனால் என்ன? அல்லது கேட்டது வேறு, சொன்னது வேறு என்று இருந்தால்? தோற்பதைவிட அது மோசம். நான் நினைத்ததே சரி என்று தெரிந்துகொள்வதற்காகவா இவ்வளவு தூரம் வந்தேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். நேர்மையாகச் சொன்னால், அந்தக் கடிதத்தை எழுதியபோது அதற்காகத்தான் எழுதியிருந்தேன்.

மறு தேதியில் வழக்கறிஞர் நடைபாதையில் எங்களிடம் வரவே இல்லை. நேராக உள்ளே போய், பதிவு கிடைத்துவிட்டது, வங்கி கேட்டுப் பார்த்தது, முழுத் தொகையையும் நீதிமன்றச் செலவையும் கொடுக்க ஒப்புக்கொள்கிறது என்றார். இரகசிய ஒப்பந்தம் பற்றிய பேச்சே இல்லை.

மாஜிஸ்திரேட் எங்களைப் பார்த்தார். "சம்மதமா?"

"சம்மதம்" என்றார் அவர்.

"சம்மதம்" என்றேன் நான். "ஆனால் பதிவைக் கேட்க வேண்டும், புவான்."

அவர் சட்டென்று என் பக்கம் திரும்பி, "வேணாம்" என்றார் தமிழில். "அதான் குடுக்குறாங்கல்ல? விடு."

"எனக்குக் கேக்கணும்."

அவசியமில்லை என்று வழக்கறிஞர் ஆரம்பித்தார். மாஜிஸ்திரேட் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். கடிதத்தில் கேட்டது அதைத்தானே, போடுங்கள் என்றார்.

அதிகாரி மடிக்கணினியைத் திறந்தார். முதலில் இசை. பிறகு ஒரு பெண் குரல், வணக்கம் சொன்னது. அதன்பின் அவர் குரல். என் கணவராக இருந்தபோது இருந்த குரல், கொஞ்சம் கரகரத்து, காலையில் எழுந்து காபி குடிக்காத குரல். கடன் எண்ணைச் சொன்னார். மூன்று ஆண்டு முடிந்துவிட்டதா என்று கேட்டார். பின்னால் குக்கர் விசில் அடித்தது. என் குக்கர். சாம்பாருக்கு வைத்திருந்திருப்பேன். நான் அங்கேதான், ஒரு சுவருக்கு அப்பால் நின்றுகொண்டிருந்தேன்.

முடிந்துவிட்டது ஐயா, அபராதம் இல்லை என்றது பெண் குரல்.

"இன்னொரு தடவை பார்த்துச் சொல்லுங்கள்" என்றார் அவர், மலாயில். "நான் சொன்னால் என் மனைவி நம்ப மாட்டார். உங்களைப்போல் தெளிவாக நான் போய்ச் சொல்ல வேண்டும்."

அந்தப் பெண் சிரித்தார். விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. மறுபடியும் எண்ணைப் படித்தார், மறுபடியும் இல்லை என்றார். இரண்டாவது விசில் அடித்தது. அவர் நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

மாஜிஸ்திரேட் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். என் முன்னாள் கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்து வரை சிவந்திருந்தது. ஏன் வேண்டாம் என்றார் என்று இப்போது விளங்கியது. இத்தனை பேர் முன்னால் கேட்கக்கூடிய பேச்சு இல்லை அது. அவர் பொய் சொன்ன நாட்கள் உண்டு. இது அந்த நாள் இல்லை. என் சந்தேகத்துக்கு இடம் கொடுத்து, அதற்கும் சேர்த்து ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். அதை வந்து என்னிடம் சொல்லவில்லை. "கேட்டேன் லா" என்று மட்டும் சொன்னார்.

தீர்ப்பின் நகலை வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும், "நான் உங்கள நம்பியிருக்கணும்" என்றேன்.

"அது என்ன, நீயும் சும்மாவா நம்பாம இருந்த?" என்றார். சிரிக்க முயன்றார். "தண்ணி பில்லு."

"தண்ணி பில்லு" என்றேன் நானும்.

பசிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். பசித்தது. அவரோடு ஒரு மேசையில் உட்கார்ந்தால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது. "கல்யாணத்துக்கு வாழ்த்துகள். அன்னிக்குச் சொல்லல" என்றேன். தலையாட்டிவிட்டுக் காரை நோக்கி நடந்தார்.

அத்தோடு முடியவில்லை. வங்கி எங்கள் இரண்டு பேர் பெயரையும் சேர்த்து ஒரே காசோலையாக என் முகவரிக்கு அனுப்பியது. எங்கள் கூட்டுக் கணக்கை எப்போதோ மூடிவிட்டோம். என் வங்கியில் வாங்க மாட்டேன் என்றார்கள். அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

போனில் விழுந்து விழுந்து சிரித்தார். "மறுபடி சேர்ந்து கணக்குத் தொறக்கச் சொல்றாங்களா? நான் என் ஆளுகிட்ட என்னன்னு சொல்றது?"

எனக்கும் சிரிப்பு வந்தது. அவரோடு சேர்ந்து கடைசியாக எப்போது சிரித்தேன் என்று நினைவில்லை.

தனித்தனியாகப் பிரித்து அனுப்பச் சொல்லி நான் ஒரு கடிதம் எழுதி, அவருக்குப் போனில் அனுப்பினேன். முன்பெல்லாம் படிக்காமலே கையெழுத்துப் போடுவார். இந்தத் தடவை பதில் வர நேரம் ஆயிற்று. வரி வரியாகப் படித்திருக்கிறார். 'என் முன்னாள் கணவர்' என்று எழுதியிருந்த இடத்தில் 'இரண்டாவது வாதி' என்று போடச் சொன்னார். கல்யாண வீட்டில் யாராவது பார்த்தால் வம்பு என்றார். மாற்றினேன்.

அவர் பங்கு முதலில் போனது. என்னுடையது வர இன்னும் சில நாள் ஆனது. வந்த அன்று கடையில் பள்ளி விடுமுறைக் கூட்டம். பிள்ளைகளுக்குக் கண் பார்க்க அம்மாக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். போனில் பணம் வந்த செய்தியைப் பார்த்தேன். அதை அவருக்கு அனுப்பலாமா என்று யோசித்தேன். அது அவர் கல்யாண வாரம். போனை மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டு, கண் சோதனைக்காக விளக்கை அணைத்து, அடுத்த பிள்ளையை நாற்காலியில் ஏறி உட்காரச் சொன்னேன்.